கண்ணாடி வீட்டில் காணாமல் போன ஆக்சிஜன்: சுழற்சிகள் நின்றால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "பி.எட். படிக்கிறேன். உயிர்ப்புவி வேதிச் சுழற்சிகளைப் பற்றிப் பள்ளியில் வகுப்பெடுத்தேன். புத்தகத்தில் நீர், கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று நான்கு படங்கள், எல்லாப் பக்கமும் அம்புக்குறிகள், 'உயிர்கள் வாழ இவை இன்றியமையாதவை' என்று ஒரு வரி. இவை நின்றால் உண்மையில் என்ன ஆகும்? காற்றில் 78% நைட்ரஜன் இருக்கும்போது எங்கப்பா ஏன் யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறார் என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

அந்த மாணவி கேட்டதுதான் இந்தப் பாடத்தின் மையமான கேள்வி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் கேள்வி. சுழற்சி தடம் புரண்டால் என்ன ஆகும் என்பதை மனிதர்கள் ஒருமுறை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். அதைப் பார்ப்பதற்காக அவர்கள் அந்த வேலையில் இறங்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஆரக்கிள் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான இடத்தில் ஒரு பெரிய கண்ணாடி வீட்டைக் கட்டினார்கள். பெயர் பயோஸ்பியர் 2. 'முதல் பயோஸ்பியர் பூமி, இது இரண்டாவது' என்ற தைரியத்தில் வைத்த பெயர். உள்ளே ஒரு சின்ன மழைக்காடு, பவளப்பாறையோடு ஒரு குட்டிக் கடல், அலையாத்திச் சதுப்பு, புல்வெளி, பாலை, சாப்பாட்டுக்கு வயல் எல்லாம் இருந்தன. 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் இருப்பதாகத் திட்டம். வெளியிலிருந்து வெயிலும் மின்சாரமும் வரலாம், காற்றும் சோறும் வரக் கூடாது.

சில மாதங்களிலேயே ஆக்சிஜன் குறையத் தொடங்கியது. வெளிக்காற்றில் 20.9% இருப்பது, பதினாறு மாதங்களில் ஏறக்குறைய 14.5% ஆகிவிட்டது. சுமார் 4,000 மீட்டர் உயர மலையில் குடியிருப்பது போன்ற நிலை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, இரவில் தூக்கம் கெட்டது. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்த வேண்டியதாயிற்று.

ஆக்சிஜன் எங்கே போனது? பாதிப் பதில் சீக்கிரம் கிடைத்தது. பயிர் செழிக்க வேண்டும் என்று வயல் மண்ணில் மட்கு உரமும் எருவும் தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் அதைத் தின்று, ஆக்சிஜனை இழுத்து, கரியமில வாயுவை விட்டன. உள்ளே இருந்த செடிகள் ஒளிச்சேர்க்கையில் ஈடுகட்டும் வேகத்தைவிட இது வேகமாக நடந்தது. ஆனால் கணக்கு இடித்தது. அத்தனை ஆக்சிஜன் போயிருந்தால் அதற்கு ஈடான கரியமில வாயு காற்றில் ஏறியிருக்க வேண்டும். ஏறியதுதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அந்த வாயுவைப் பிடிப்பதற்கென்று வைத்திருந்த கருவியின் பங்கைக் கழித்த பிறகும் பெரிய துண்டு விழுந்தது.

திருடன் சுவரில் இருந்தான். கட்டடத்தின் உட்புறக் கான்கிரீட், பூச்சுப் பூசாமல் திறந்து கிடந்தது. கான்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு கரியமில வாயுவைப் பிடித்துச் சுண்ணாம்புக்கல் ஆகிவிடும். நம் ஊரில் சுண்ணாம்பு அடித்த சுவர் நாளாக ஆக இறுகுகிறதே, அதே வேதிவினை. செடிக்குத் திரும்பிப் போயிருந்தால் அந்தக் கார்பன் மறுபடி சர்க்கரையாகி, ஆக்சிஜன் காற்றுக்கு வந்திருக்கும். சுவருக்குள் போனது திரும்பவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வீட்டிலிருந்து ஆக்சிஜன் அணுக்கள் வெளியே ஓடிவிடவில்லை. எல்லாம் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்துச் சுவரில்தான் இருந்தன. ஆனாலும் எட்டுப் பேருக்கு மூச்சு முட்டியது. பொருள் இருப்பது வேறு, அது சுற்றி வருவது வேறு. உயிருக்கு இரண்டாவதுதான் முக்கியம், அதுவும் சரியான வேகத்தில். சுழற்சி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொரு சிறு சங்கதி. அந்த வீட்டுக் காற்றில் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்ந்துகொண்டே போனது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் எங்கும் விடும் வாயுதான் அது. பூமியில் அது மெல்ல மேலே ஏறி, அடுக்கு வளிமண்டலத்தில் புற ஊதா ஒளி பட்டு உடைந்துவிடும். கண்ணாடி வீட்டில் மேலே போக இடமும் இல்லை, கண்ணாடி அந்த ஒளியை உள்ளே விடவும் இல்லை. நமக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் நடக்கும் ஒரு வேலை நம் சுழற்சியின் பகுதி என்று யாருக்குத் தோன்றும்?

சரி, பூமிக்கு வருவோம். பூமியும் ஏறக்குறைய மூடிய வீடுதான். வெயில் நாள்தோறும் புதிதாக வருகிறது, வெப்பமாக வெளியே போகிறது. பொருள் அப்படி வருவதில்லை. விண்கல் தூசு கொஞ்சம் விழுகிறது, ஹைட்ரஜன் கொஞ்சம் கசிகிறது, கணக்கில் அவை ஒன்றுமில்லை. ஆக உயிர்கள் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே சரக்கைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. ஆற்றல் வந்து போவது, பொருள் சுற்றுவது. இந்த வேறுபாட்டை வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

கண்ணாடி வீட்டுக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு கையிருப்பின் அளவு. பூமியின் காற்றில் ஒரு கரியமில வாயு மூலக்கூறு சராசரியாகச் சில ஆண்டுகள் தங்கிவிட்டுத்தான் ஒரு செடிக்குள்ளோ கடலுக்குள்ளோ போகிறது. அந்த வீட்டில் சில நாட்கள்தான். அதனால்தான் அங்கே ஒரு தவறு மாதங்களில் தெரிந்தது. பூமியில் ஆக்சிஜன் இருப்பு மிகப் பெரியது. ஒளிச்சேர்க்கை முழுவதும் நாளைக்கே நின்றாலும் மூச்சு முட்டிச் சாக மாட்டோம், அதற்கு வெகு முன்பே பசியால் செத்திருப்போம். அமேசானை 'பூமியின் நுரையீரல்' என்று சொல்வது எனக்கு ஒப்பாததும் இதனால்தான். முதிர்ந்த காடு தான் வெளியிடும் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதும் தானே மட்கியும் சுவாசித்தும் செலவழித்துவிடுகிறது. அந்தக் காட்டைக் காப்பாற்ற வேறு நூறு காரணங்கள் உண்டு.

இப்போது மாணவியின் கேள்வி.

காற்றில் நைட்ரஜன் தனி அணுவாக இல்லை, இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேதியியலில் இதைவிடக் கெட்டியான பிடி மிகக் குறைவு. இந்த ஜோடியைப் பிரித்தால்தான் அதை வைத்துப் புரதமோ மரபணுவோ கட்ட முடியும். எந்த மரத்துக்கும் எந்த விலங்குக்கும் இந்தப் பிரிக்கும் வித்தை தெரியாது. மின்னல் கொஞ்சம் பிரிக்கும். மற்றபடி இயற்கையில் இது சில வகை பாக்டீரியாக்களின் கையில்தான் இருக்கிறது. பூட்டிய களஞ்சியத்தின் வாசலில் பட்டினி கிடப்பது போலத்தான் நெற்பயிர் காற்றில் நிற்கிறது. யூரியா வரிசையில் நிற்பவர் நைட்ரஜனுக்காக நிற்கவில்லை, பூட்டுத் திறந்த நைட்ரஜனுக்காக நிற்கிறார். மாணவிக்கு இந்த ஒரு வரியே போதும். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்த பாக்டீரியாக்களிடம் உள்ள சாவி நைட்ரஜனேஸ் என்ற நொதி. இரும்பும் மாலிப்டினமும் கலந்தது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் 16-ஐச் செலவழிக்கும், உயிருலகில் இது படு செலவான வேலை. போதாக்குறைக்கு ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஆற்றல் வேண்டுமென்றால் ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜன் வந்தால் நொதி போய்விடும். உளுந்து, பயறு, துவரை, கடலை போன்ற பயறு வகைச் செடிகள் இதற்கு ஒரு வழி கண்டன. வேரில் முடிச்சுக் கட்டி பாக்டீரியாவைக் குடிவைத்து, லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தால் ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கின்றன. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் அது, நிறமும் அதேதான். பூக்கும் பருவத்தில் ஓர் உளுந்துச் செடியை மண்ணைத் தளர்த்தி மெல்ல எடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. வகுப்பில் நான்கு படம் வரைவதைவிட இது மனதில் நிற்கும்.

முடிச்சின் ரகசியத்தை அறிவியல் எழுதிவைத்தது 1880-களில்தான். ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் பயறுச் செடி காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கிறது என்று காட்டினார்கள். 1888-இல் நெதர்லாந்தில் பெய்ஜரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். காரணம் தெரியாமலே பலன் தெரிந்தவர்கள் அதற்கு முன்பே எல்லா நாட்டிலும் இருந்தார்கள். காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னால், ஈரச் சேற்றில், நிற்கும் பயிருக்கு ஊடாகவே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது விளைந்துவிடும். தக்கைப்பூண்டும் சணப்பும் கொழிஞ்சியும் வளர்த்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவதும் இதே கணக்குத்தான்.

ஆட்டுக்கிடை போடுவது வேறு வகை. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு படுகை மாவட்டங்களுக்கு வந்து, இரவில் வயலில் கிடை அமர்த்துகிறார்கள். ஆடு நைட்ரஜனை உண்டாக்குவதில்லை. மேய்ச்சல் நிலத்தில் சிதறிக் கிடந்ததைப் பகலெல்லாம் வாரிக்கொண்டு வந்து இரவில் ஒரே வயலில் இறக்குகிறது. பிணைப்பது ஒன்று, இடம் மாற்றுவது இன்னொன்று. புத்தகப் படங்களில் இந்த இரண்டும் ஒரே மாதிரி அம்புக்குறியாகத்தான் இருக்கும்.

மண்ணுக்குள் வந்த பிறகு நடப்பது ஒரு சங்கிலி. இலையும் எருவும் மட்கும்போது அம்மோனியம் வெளிவருகிறது. ஒரு பாக்டீரியாக் கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், அடுத்தது நைட்ரேட் ஆக்கும். 1890 வாக்கில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி கண்டுசொன்னது இது. கடைசியாக, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இருக்கும் கூட்டம் நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். உழவருக்கு இந்தக் கடைசிக் கூட்டம் எதிரி, போட்ட உரத்தைக் காற்றில் விடுகிறது. ஆனால் அது இல்லையென்றால் காற்றின் நைட்ரஜன் யுகயுகமாக நைட்ரேட் ஆகிக் கடலில் போய்த் தேங்கிவிடும். சுவருக்குள் போன கார்பன் நினைவிருக்கிறதா? இங்கே கதவைத் திறந்து வைத்திருப்பது இந்தச் சேற்று பாக்டீரியாதான்.

படம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் சேர்த்து நைட்ரஜன் வாயு ஆக்கும் ஒரு பாக்டீரியா இருக்க வேண்டும் என்று 1977-இல் ஆஸ்திரியாவின் ப்ரோடா கணக்குப் போட்டுச் சொன்னார். 1990-களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் அது அகப்பட்டது. அனமாக்ஸ் என்று பெயர். கடலிலும் இது பெருமளவில் நடக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. அதுவரை உலகத்தின் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் ஓர் அம்புக்குறி குறைவாக இருந்தது.

இனி உர ஆலைக்கு வருவோம். 1898-இல் இங்கிலாந்தில் வில்லியம் க்ரூக்ஸ் என்ற வேதியியலர், கோதுமை உண்ணும் நாடுகள் நைட்ரஜன் தட்டுப்பாட்டால் பஞ்சத்துக்குப் போகப் போகின்றன, வேதியியல்தான் வழி காண வேண்டும் என்று எச்சரித்தார். அப்போது ஐரோப்பாவுக்கு நைட்ரஜன் வந்தது தென் அமெரிக்காவிலிருந்து: முதலில் பெருவின் சின்சா தீவுகளில் கடற்பறவைகள் நூற்றாண்டுகளாக இட்டுக் குவித்த எச்சம், அது தீர்ந்த பிறகு அட்டகாமா பாலையின் வெடியுப்பு. அந்த உப்புப் பாலைக்காக 1879-இல் சிலியும் பெருவும் பொலிவியாவும் போரிட்டன. பொலிவியா கடற்கரையையே இழந்து, இன்றுவரை கடல் இல்லாத நாடாக இருக்கிறது. 1909-இல் ஃப்ரிட்ஸ் ஹேபர் அதிக அழுத்தத்தில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே போர் வந்ததால் அந்த அம்மோனியா வெடிமருந்தாகவும் ஆனது.

பாக்டீரியா மண்ணின் இளஞ்சூட்டில் செய்யும் வேலைக்கு ஆலையில் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தமும் வேண்டும். ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அதனால்தான் எரிவாயு விலை ஏறினால் உலகச் சந்தையில் யூரியா விலையும் ஏறுகிறது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா தயாராகிறது. நிலத்தில் பாக்டீரியாக்கள் இயற்கையாகப் பிணைக்கும் நைட்ரஜனுக்கு இணையாக மனிதன் பிணைக்கிறான். மனித உடல்களில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி ஏதோ ஒரு ஆலையின் வழியாக வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 'இயற்கைச் சுழற்சியே போதும், ஆலை எதற்கு' என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, அந்தப் பாதிப் பேர் யார் என்பதைத்தான்.

ஆனால் ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதில் நைட்ரஜன் சுமார் 21 கிலோ. நெல் வயலில் போட்டதில் பயிருக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். மிச்சம் அம்மோனியாவாகப் பறக்கிறது, நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்குகிறது, சேற்றில் வாயுவாகிறது. அதில் ஒரு சிறு பகுதி நான் முன்னே சொன்ன நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு. யூரியாவில் வேப்பெண்ணெய் பூசுவதை இந்தியா 2015-இல் கட்டாயமாக்கியது, நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைப்பதும் அதன் நோக்கம். அளவுக்கு மேல் போட்டால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பின்னாலேயே புகையான் பூச்சி வரும். அதை உழவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கழனியிலிருந்து ஓடுவது ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போகிறது. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் அடிநீரில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்துபோகிறது. உரம் தின்று பெருகிய பாசி செத்து விழ, அதை மட்கச் செய்யும் பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. கண்ணாடி வீட்டு மண்ணில் நடந்த அதே கதை. நம் ஏரிகளில் ஆகாயத்தாமரை மண்டுவதும் இதன் இன்னொரு முகம்.

பாஸ்பரஸ் இதற்கு நேரெதிர். நைட்ரஜனுக்குக் காற்றில் பெரிய கிடங்கு இருக்கிறது, பூட்டுத்தான் பிரச்சினை. பாஸ்பரஸுக்குக் காற்றுக் கிடங்கே இல்லை. 1669-இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் ப்ராண்ட் என்பவர் தங்கம் கிடைக்கும் என்று சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கண்டுபிடித்த தனிமம் அது. மரபணுவின் முதுகெலும்பிலும் ஏ.டி.பி.யிலும் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது, அதற்கு மாற்று கிடையாது. பாறை கரைந்து மண்ணுக்கு வரும், செடி எடுக்கும், செடியைத் தின்றவர் கழிப்பார், மறுபடி மண். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மழைநீரோடு ஓடிக் கடலடியில் படியும். படிந்தது திரும்ப வேண்டுமென்றால் கடலடியே மேலெழுந்து மலையாக வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள். ஆகவே நிலத்தில் உள்ள உயிர்கள் பாஸ்பரஸைக் கஞ்சத்தனமாக, ஒரே அணுவைப் பலமுறை சுற்றவிட்டுத்தான் வாழ்கின்றன.

அமேசானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதன் பெரும்பகுதி மண் சத்தில்லாத மண். காடு தன் சத்தை மண்ணில் வைக்காமல் மரத்திலும் உதிர்ந்த இலையிலும் வைத்துச் சுற்றவிடுகிறது. ஆனாலும் மழை கொஞ்சம் கழுவிக்கொண்டு போகிறது. அதை ஈடுகட்டுவதில் ஒரு பங்கு சகாராவிலிருந்து வருகிறது. சாட் நாட்டில் போடெலே என்ற பள்ளம், பழைய பேரேரி ஒன்றின் வறண்ட படுகை. காற்று அந்தத் தூசியை அள்ளி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுவருகிறது. நாசாவின் செயற்கைக்கோள் தரவை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி டன் தூசு அமேசான் படுகையில் விழுகிறது, அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் இருக்கிறது என்று கணக்கிட்டது. மழையில் காடு இழப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். செத்துப்போன ஏரியின் படுகை, ஒரு கடலுக்கு அப்பால் உள்ள காட்டுக்கு எரு.

மனிதன் இந்தச் சுழற்சியில் செய்தது, வட்டத்தை நேர்கோடாக்கியது. நவுரு என்ற பசிபிக் தீவின் பரப்பு வெறும் 21 சதுர கிலோமீட்டர். 1900-களின் தொடக்கத்திலிருந்து அங்கே பாஸ்பேட்டைத் தோண்டி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பண்ணைகளுக்குக் கொண்டுபோனார்கள். 1968-இல் விடுதலை பெற்ற பிறகு சில காலம் அந்தக் குட்டி நாடு தலைக்கு வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளோடு நின்றது. பாஸ்பேட் தீர்ந்தது, வருமானமும் தீர்ந்தது. தீவின் சுமார் 80% இன்று வெறும் சுண்ணாம்புப் பாறைக் கூர்களாக நிற்கிறது. இன்று உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறக்குறைய 70% மொராக்கோவிடமும் அதன் பிடியிலுள்ள மேற்கு சகாராவிலும் இருக்கிறது. இந்தியா பாஸ்பரஸ் உரமான டி.ஏ.பி.க்கும் அதற்கான மூலப்பொருளுக்கும் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கிறது.

அங்கே தோண்டியது நம் வயலுக்கு வந்து, அரிசியாகி, நகரத்துக்குப் போய், சாக்கடையாகிக் கடலுக்குப் போகிறது. ஒரு ஆள் ஆண்டுக்கு அரைக் கிலோ அளவுக்குப் பாஸ்பரஸைக் கழிக்கிறார், அதில் பெரும்பகுதி சிறுநீரில். ப்ராண்ட் காய்ச்சிய அதே சரக்கு. முன்பு ஊருக்குள்ளேயே சுற்றியது இது. கோடையில் ஏரி, கண்மாயைத் தூர்வாரி வண்டல் மண்ணை மாட்டுவண்டியில் வயலுக்கு அடித்தபோது, கழுவிப் போனதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்தார்கள். திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே சேர்க்கும் கழிப்பறைகள் கட்டி, பயன்படுத்துவோருக்கே காசு கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு அது அறுந்த அம்புக்குறி ஒன்றை மறுபடி வரைந்த முயற்சியாகத் தெரிகிறது.

கார்பனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். நிலத்துச் செடிகள் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவால் நாம் விடுவது சுமார் 1,000 கோடி டன். 'பன்னிரண்டில் ஒரு பங்குதானே, இயற்கை சமாளிக்காதா' என்று மாணவர்கள் கேட்பார்கள். செடிகள் எடுப்பது போலவே, சுவாசமும் மட்குதலும் ஏறக்குறைய அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அந்த வட்டத்தில் வரவும் செலவும் சரி. நாம் சேர்ப்பது வேறொரு வட்டத்திலிருந்து: பாறைக்குள் பல கோடி ஆண்டுகள் தூங்க வேண்டியதை எழுப்பி விடுகிறோம். அதைத் திரும்பப் பாறைக்குள் அனுப்பும் வேலையை மழை செய்கிறது, சிலிகேட் பாறையை அரித்து, கடலில் சுண்ணாம்பாக்கி. லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் அந்த வழி நமக்காக அவசரப்படாது. ஹவாயில் மௌனா லோவா மலையில் சார்ல்ஸ் கீலிங் என்ற அறிவியலர் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்கு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த வரைகோட்டில் ஆண்டுதோறும் ஒரு ஏற்ற இறக்கமும் தெரியும். வட அரைக்கோளத்தில் கோடையில் காடுகள் தழைக்கும்போது இறங்கும், குளிர்காலத்தில் ஏறும். அதை வகுப்பில் காட்டுங்கள், மாணவர்களுக்குப் பிடிக்கும்.

நீர்ச் சுழற்சியை நான் விரிக்கவில்லை, அதை எல்லாப் புத்தகமும் நன்றாகவே சொல்கிறது. அது மற்ற மூன்றுக்கும் வண்டி என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் ஓடுவதும், பாஸ்பரஸ் கழுவப்படுவதும், பாறை அரிவதும் தண்ணீரில்தான்.

வகுப்புக்கு ஒரு யோசனை. அதே நான்கு படங்களையும் கரும்பலகையில் வரையுங்கள், ஆனால் ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் அது எடுக்கும் காலத்தை எழுதச் சொல்லுங்கள். ஆவியான நீர் மழையாக விழ சுமார் ஒன்பது, பத்து நாள். மடக்கி உழுத தக்கைப்பூண்டு மட்கி நெல்லுக்குச் சத்தாகச் சில வாரம். காற்றிலுள்ள கரியமில வாயு ஒரு இலைக்குள்ளோ கடலுக்குள்ளோ போகச் சில ஆண்டு. எரித்த நிலக்கரியின் கார்பன் முழுவதும் மறுபடி பாறையாக லட்சக்கணக்கான ஆண்டு. கடலடியிலிருந்து பாஸ்பரஸ் மலைக்கு ஏறும் அம்புக்குறிக்கு வரும்போது சாக்பீஸை அந்த மாணவியிடமே கொடுத்து, அவள் அப்பா வாங்கிவரும் டி.ஏ.பி. மூட்டை காலியாக எத்தனை நாள் என்று கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.